வாடிக்கையாளர் நம்பி நிலைக்க: கோலாலம்பூர் விளம்பர, வடிவமைப்பு ஏஜென்சிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, செந்தூல் வட்டாரங்களில் இரண்டு மூன்று பேராகத் தொடங்கி நடக்கும் தமிழ் ஏஜென்சிகள் பல. லோகோ போடுவார்கள், முகநூல் விளம்பரம் ஓட்டுவார்கள், இணையத்தளம் கட்டுவார்கள், தீபாவளிக்குப் பேனர் அடிப்பார்கள். வாடிக்கையாளர் புடவைக்கடைக்காரராகவோ வாழையிலை உணவகம், டியூஷன் மையம், கிளினிக் நடத்துபவராகவோ இருப்பார். வேலை வாய்ச்சொல்லில் வருகிறது, வாய்ச்சொல்லிலேயே போகவும் செய்கிறது.

வடிவமைப்புத் திறனைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. காசு, கணக்கு, சாவி, எழுத்து இந்த நான்கில்தான் உறவு முறிகிறது. வாடிக்கையாளர் நினைத்த அன்றே கிளம்பிப் போக வழி திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதிலிருந்து பிறந்தவை.

முதல் சந்திப்பில் என்ன கேட்பது?

"என்ன வேண்டும்?" என்று கேட்டால் "இணையத்தளம் வேண்டும்" என்பார். அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள். இப்போது ஒரு வாரத்தில் எத்தனை பேர் கடைக்கு வருகிறார்கள், எத்தனை பேர் புலனத்தில் (வாட்ஸ்அப்) விசாரிக்கிறார்கள்? சராசரி பில் எவ்வளவு? அதில் லாபம் எத்தனை விழுக்காடு? புலனச் செய்திக்குப் பதில் போடுவது யார், எத்தனை மணி வரை? முன்பு யார் செய்தார்கள், ஏன் விட்டீர்கள்?

இவற்றுள் மிகப் பயனுள்ளது கடைசிக் கேள்வி. "அவன் போனே எடுக்கமாட்டான்" என்று வந்தால் அவருக்குத் தேவை அழகான போஸ்டர் அல்ல, போன் எடுக்கும் ஆள். "காசு எங்கே போனது என்றே தெரியவில்லை" என்றால் உங்கள் மாதக் கணக்கைத் தெளிவாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, முடிவெடுப்பவர் யார் என்பது. குடும்ப வியாபாரத்தில் உங்களோடு பேசுவது மகனாக இருக்கும், காசோலையில் கையெழுத்துப் போடுவது அப்பாவாக இருக்கும். மூன்று திருத்தம் முடிந்த பிறகு பெரியவர் வந்து "நம்ம பழைய சிவப்பு கலர் எங்கே?" என்று கேட்டால் எல்லாம் முதலிலிருந்து. முதல் வரைவு காட்டும் நாளில் பெரியவரும் உட்கார வேண்டும் என்று அப்போதே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கொட்டேஷனில் என்னென்ன இருக்க வேண்டும்?

செய்யப்போவதை எழுதுவதோடு செய்யாததையும் எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் செய்யாததில்தான் தொடங்குகிறது. "இணையத்தளம், 5 பக்கம், 4,500 வெள்ளி" என்ற ஒரு வரி போதாது. 5 பக்கங்கள் எவை, எழுத்து யார் தருவது, படம் யார் எடுப்பது, எத்தனை மொழி, எத்தனை முறை திருத்தம் (இரண்டு போதும், மூன்றாவதற்குத் தனிக்கட்டணம் எவ்வளவு என்பதையும் போடுங்கள்), டொமைனும் (இணைய முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தைத் தாங்கும் சேவை) முதல் ஆண்டுக்கு யார் கட்டுவது, இரண்டாம் ஆண்டு எவ்வளவு வரும்? இரண்டாம் ஆண்டுப் பணத்தைச் சொல்லாமல் விடுவது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். பன்னிரண்டு மாதம் கழித்து வரும் அந்த இன்வாய்ஸ் நல்ல உறவையும் சந்தேகப்பட வைக்கும்.

காலக்கெடுவைத் தேதியாக எழுதாதீர்கள். "படங்களும் விவரங்களும் முழுதாகக் கைக்கு வந்த நாளிலிருந்து 15 வேலை நாள்" என்று எழுதுங்கள். விலை எத்தனை நாள் செல்லும் என்பதும் வேண்டும், 14 நாளோ 30 நாளோ.

பணம் மூன்று தவணையாக: தொடங்கும்போது 40 விழுக்காடு, வடிவம் ஒப்புக்கொண்டதும் 30, வெளியிடும் முன் 30. 50–50 என்று வைத்தால் இரண்டாவது பாதி மாதக்கணக்கில் தொங்கும். ஏனென்றால் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வரவேண்டிய படம் வராத வரை வேலை "முடிந்தது" ஆகாது.

விளம்பரக் காசையும் நம் கட்டணத்தையும் ஒன்றாகப் பில் போடலாமா?

கூடாது. "மாதம் 2,500 வெள்ளி, எல்லாம் சேர்த்து" என்பது விற்க வசதியான வாக்கியம், நம்பிக்கைக்கு விஷம். அதில் எவ்வளவு முகநூலை நடத்தும் மெட்டாவுக்கும் கூகுளுக்கும் போகிறது, எவ்வளவு உங்கள் பைக்குள் போகிறது என்று ஒருநாள் அவர் கேட்பார். பதில் சொல்லத் தயங்கும் அந்த நொடியில் கணக்கு முடிந்துவிடும்.

வாடிக்கையாளரின் சொந்த அட்டையிலிருந்தே தளத்துக்கு நேராகக் காசு போகட்டும். நீங்கள் சேவைக் கட்டணம் மட்டும் வாங்குங்கள். வரியையும் முன்கூட்டியே விளக்குங்கள்: வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி உண்டு. 6 விழுக்காடாக இருந்தது 2024 மார்ச் 1 முதல் 8 ஆனது. 1,500 வெள்ளிக்கு விளம்பரம் ஓட்டினால் அட்டையில் 1,620 பிடிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த 120 வெள்ளி உங்கள் தலையில்தான் விழும்.

உங்கள் சேவைக்கு வரி போடுவது வேறு கதை. விளம்பரச் சேவையில் 12 மாத வரவு 500,000 வெள்ளியைத் தாண்டினால் சுங்கத்துறையில் பதிய வேண்டும். பதியாமல் பில்லில் 8 விழுக்காடு போடுவது குற்றம். பெரிய நிறுவனம்போலத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் அதைச் செய்கிறார்கள்.

கூகுள் விளம்பரத்தில் இன்னொரு விஷயம். நாளுக்கு 50 வெள்ளி என்று வைத்தால் ஒரு குறிப்பிட்ட நாளில் 100 வரை செலவாகலாம். மாத முழுதுக்கும் நாள்தொகையின் 30.4 மடங்கு, அதாவது 1,520க்கு மேல் போகாது. இது கூகுளின் ஏற்பாடு. தொடங்கும் முன்பே சொன்னால் விளக்கம், 100 வெள்ளி போன பிறகு சொன்னால் சாக்கு.

முகநூல் பக்கம், டொமைன், விளம்பரக் கணக்கு எல்லாம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

எல்லாமே வாடிக்கையாளர் பெயரில். விதிவிலக்கு இல்லை.

மெட்டாவில் வாடிக்கையாளர் தமக்கென்று ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ (பக்கம், விளம்பரக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் வணிகக் கணக்கு) திறக்கட்டும். பக்கத்தை அதனுள் சேர்த்து, விளம்பரக் கணக்கையும் அதற்குள்ளேயே உருவாக்கி, தம் அட்டையை இணைக்கட்டும். பிறகு உங்கள் ஏஜென்சியின் பிசினஸ் எண்ணைப் போட்டுப் பார்ட்னராகச் சேர்க்கட்டும். அவர் பக்கம் குறைந்தது இரண்டு அட்மின், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. பழகியவர் கையில் அரை மணி நேர வேலைதான். ஆனால் விளம்பரக் கணக்கை உங்கள் போர்ட்ஃபோலியோவுக்குள் திறந்துவிட்டால் பிறகு அதை அவருடையதற்கு மாற்ற வழியில்லை. அவர் விலகும் நாளில் மூன்றாண்டுக் கற்றலும் தரவும் உங்களிடமே தங்கிவிடும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யாவிட்டாலும் அவருக்கு அது பிடித்துவைத்ததாகத்தான் தெரியும்.

வழக்கமாக நடக்கும் விபத்து இதைவிடச் சாதாரணமானது. ஏஜென்சியில் வேலை செய்யும் பிள்ளை தன் சொந்த முகநூல் கணக்கிலிருந்து கடையின் பக்கத்தைத் திறக்கும். ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகும். அட்மின் யாரும் இல்லாத பக்கம் அனாதையாக நிற்கும்.

கூகுள் வணிகப் பக்கத்தில் முதன்மை உரிமையாளர் வாடிக்கையாளர், நீங்கள் மேலாளர். ஏற்கெனவே தலைகீழாக இருந்தால் இன்றே மாற்றத் தொடங்குங்கள். புதிதாகச் சேர்க்கப்பட்ட உரிமையாளருக்கு முழு அதிகாரம் வர 7 நாள் ஆகும், அவசரத்துக்கு உதவாது.

டொமைனில் பதிந்தவர் பெயர், மின்னஞ்சல், கைப்பேசி மூன்றும் வாடிக்கையாளருடையதா என்று பாருங்கள். 'டாட் காம் டாட் எம்ஒய்' முகவரி மலேசிய இணைய முகவரிகளைக் கவனிக்கும் மைனிக் நிர்வாகத்தில் வருவது, உள்நாட்டில் பதிந்த நிறுவனத்தின் பெயரில் எடுக்க வேண்டும். ஆகவே அவருடைய எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு எண்ணைக் கொண்டே எடுங்கள். சாதாரண 'டாட் காம்' முகவரியைப் பதிந்த 60 நாளுக்குள் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அவசரப்பட்டு உங்கள் பெயரில் எடுத்துவிட்டு "பிறகு மாற்றித் தருகிறேன்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடையின் புலன எண்ணை உங்கள் சிம் கார்டில் திறக்காதீர்கள். முன்கட்டண அட்டை காலாவதியானால் எண்ணோடு வாடிக்கையாளர்களும் போவார்கள்.

லோகோவின் பதிப்புரிமை யாருக்கு?

"முழுக்காசு வரும்வரை எங்களுக்குத்தான்" என்று பல வடிவமைப்பாளர்கள் நம்புகிறார்கள். மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987, பிரிவு 26 அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, செய்வித்தவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் "முழுத்தொகை கட்டிய நாளில் உரிமை மாறும், தேர்வாகாத வரைவுகள் ஏஜென்சிக்கே" என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

எழுத்துருவும் வாங்கிய படங்களும் தனி. உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் கோப்போடு அது தானாக அவருக்குப் போகாது. எந்த எழுத்துரு, யாருடைய உரிமம், எங்கே வாங்குவது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

போஸ்டரில் தமிழ்ப் பிழை வந்தால் யார் பொறுப்பு?

வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்திருந்தாலும் தெருவில் பேச்சு வாங்குவது இருவரும்தான். இதில் பாதி எழுத்துப் பிழை, மீதிப் பாதி மென்பொருள் பிழை.

இன்டிசைன் வடிவமைப்பு மென்பொருளில் பத்திக்கு 'வேர்ல்டு ரெடி' கம்போஸரை (எழுத்தை அடுக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். 'கோலாகலம்' உடைந்து நிற்கும். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை இயக்கிவிட்டுத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டாவது ஆபத்து, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் முகமூடி கழன்றுவிடும். ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்யுங்கள், அச்சுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றுங்கள். திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தனியாக வையுங்கள்.

சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். தட்டச்சு செய்தவர் திருத்தக்கூடாது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சுப்பிரதியில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஒற்று மிகும் இடம், ண–ன, ர–ற, தொலைபேசி எண், தேதிக்குரிய கிழமை என்று வரிசையாக. தேதி சரி, கிழமை தவறு என்ற பிழைதான் கல்யாணப் பத்திரிகையிலும் கோவில் விழா நோட்டீஸிலும் அடிக்கடி தப்பிவிடுகிறது.

முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளையும் ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர்தான். இந்த நாட்டில் இருந்துகொண்டு "கம்ப்யூட்டரில் தமிழ் சரியாக வராது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்.

வாடிக்கையாளர் இரவு 11 மணிக்குக் குரல்பதிவு அனுப்புகிறார். என்ன செய்வது?

அனுப்பட்டும், அவர் கடை மூடுவதே பத்து மணிக்கு. நீங்கள் அப்போதே பதில் போட்டுப் பழக்கப்படுத்தாமல் இருந்தால் சரி. தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்: வேலை நேரத்தில் வந்த செய்திக்கு 2 மணி நேரத்தில் "பார்த்துவிட்டோம்" என்ற பதில், ஒரு வேலை நாளில் முழுப்பதில். விளம்பரம் தவறாக ஓடுவது, இணையத்தளம் விழுவது இரண்டுக்கு மட்டும் எந்த நேரமும் போன்.

குரல்பதிவில் வந்ததை மறுநாள் காலை மூன்று வரியில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்: "நேற்று நீங்கள் சொன்னது: 1) விலையை 89 ஆக்க வேண்டும், 2) பின்னணி பச்சை, 3) வெள்ளிக்கிழமைக்குள். சரிதானே அண்ணே?" அவர் "சரி" என்றால் அது எழுத்து. "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றாலும் நல்லது, அச்சுக்குப் போகும் முன் தெரிந்துவிட்டது.

ஒப்புதலில் வேறொரு பொறி இருக்கிறது. குழுவில் நான்கு படம் போட்டிருப்பீர்கள், அண்ணி கட்டைவிரல் காட்டியிருப்பார். எந்தப் படத்துக்கு? கோப்பின் பெயரிலேயே எண் இருக்கட்டும் (தீபாவளி பேனர் 3). ஒப்புதல் தருபவர் ஒருவர்தான், "பேனர் 3 ஓகே" என்று எண்ணோடு எழுத வேண்டும் என்பதை விதியாக்குங்கள். குழுவில் படமாகப் போட்டால் சுருங்கிவிடும். இறுதிப் பிரதியைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள்.

மாத அறிக்கையில் எதைக் காட்டுவது?

லைக் எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடாதீர்கள். கடைக்காரருக்குக் கல்லாவில் விழுவது தெரியும், லைக் அங்கே விழாது.

ஒரு புடவைக்கடைக் கணக்கை எடுத்துக்கொள்வோம், எண்கள் விளக்கத்துக்காக. விளம்பரம் 1,500, வரியோடு 1,620. உங்கள் கட்டணம் 600. மொத்தம் 2,220 வெள்ளி. புலனத்தில் விசாரித்தவர்கள் 60, கடைக்கு வந்தவர்கள் 18, வாங்கியவர்கள் 9, சராசரி பில் 280. விற்பனை 2,520. செலவைவிட விற்பனை 300 கூடுதல் என்று கை தட்டலாம். ஆனால் அவருடைய லாபம் 40 விழுக்காடு என்றால் கைக்கு வந்தது 1,008 மட்டும். இந்த மாதம் 1,212 வெள்ளி நட்டம்.

இதை நீங்களே எழுத வேண்டும். எழுதிவிட்டு எங்கே ஒழுகுகிறது என்று காட்டுங்கள்: 60 பேர் விசாரித்து 18 பேர்தான் வந்தார்கள் என்றால், புலனப் பதிலைப் பாருங்கள். மாலை 7 மணிக்கு வந்த கேள்விக்கு மறுநாள் மதியம் பதில் போயிருந்தால் விளம்பரத்தை மாற்றி என்ன பயன்? அடுத்த மாதம் செலவைப் பாதியாக்கி, பதில் நேரத்தை முதலில் சரிசெய்வோம் என்று சொல்லுங்கள். சொந்தக் கட்டணம் குறையும் ஆலோசனையை ஒருமுறை சொன்ன ஏஜென்சியை எளிதில் விடமாட்டார்கள். உடனடி லாபம் இல்லைதான்.

வாங்கியவர் எண்ணிக்கை உங்களுக்கு எப்படித் தெரியும்? கல்லாவில் ஒரு நோட்டு போதும். "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கோடு போட வேண்டும். துல்லியமாக இராது, ஆனால் ஊகத்தைவிட மேல்.

சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாமா?

இந்திய வியாபாரங்களுக்கு மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுவது கிட்டத்தட்டப் பொய். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. 2023-இன் கடைசி இரண்டு வார நெரிசல் பெரும்பாலும் நவம்பரில், 2024-இல் முழுதும் அக்டோபரில். அக்டோபரை அக்டோபரோடு வைத்தால் 2024-இல் நீங்கள் மாயம் செய்ததுபோல் தெரியும். நவம்பரை நவம்பரோடு வைத்தால் கடையே விழுந்ததுபோல் தெரியும். இரண்டும் நாள்காட்டியின் வேலை.

"தீபாவளிக்கு 6 வாரம் முன், 5 வாரம் முன்" என்று வாரக்கணக்கில் ஒப்பிடுங்கள். ஹரிராயா (நோன்புப் பெருநாள்) ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால் பிரியாணி, கேட்டரிங் வாடிக்கையாளர்களுக்கும் இதே முறை. விழாவை ஒட்டி விளம்பர விலை ஏறுவதும் இயல்பு: இடம் ஏலத்தில் போகிறது, எல்லாக் கடையும் ஒரே வாரத்தில் ஏலம் கேட்கிறது.

நாமே தவறு செய்துவிட்டால்?

189 வெள்ளிப் புடவை 89 என்று விளம்பரத்தில் போய்விட்டது என்று வையுங்கள். முதலில் நிறுத்துங்கள். அடுத்து போன், செய்தி அல்ல. வாடிக்கையாளருக்கு வேறு யாரோ சொல்லும் முன் உங்கள் குரலில் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில்: எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தினோம், எத்தனை பேருக்குப் போனது, எவ்வளவு செலவானது, 89 வெள்ளிக்குக் கேட்டு வருபவர்களிடம் கடையில் என்ன சொல்லலாம், எந்தச் செலவு எங்களுடையது. "சிஸ்டம் பிரச்சினை" என்று எழுதாதீர்கள். விலையைத் தட்டியது ஒரு மனிதர், அது வாடிக்கையாளருக்கும் தெரியும்.

யார் செலவு என்பதை ஒப்புதல் பிரதியே சொல்லும். ஒப்புதலில் 189, வெளிவந்தது 89 என்றால் முழுச்செலவும் ஏஜென்சிக்கு. ஒப்புதலிலேயே 89 இருந்தது என்றால் மறு அச்சுச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு உங்கள் கூலியை விடுங்கள். சட்டப்படி விட வேண்டியதில்லை, ஆனாலும் இரண்டு கண்கள் பார்க்க வேண்டியதை நீங்களும்தான் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் போடக்கூடாததைப் போடச் சொல்கிறார். மறுத்தால் கோபிப்பாரே?

கோபிப்பார். அபராதம் வந்தால் இன்னும் கோபிப்பார். மூன்று இடம் அடிக்கடி வரும்.

கிளினிக், சித்த மருந்து, அழகு சிகிச்சை: மருத்துவச் சேவை விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதியும், கேகேஎல்ஐயூ என்று தொடங்கும் எண்ணும் வேண்டும். "சர்க்கரை நோய் குணமாகும்" என்ற வரியைத் தொடவே வேண்டாம்.

உணவகம்: சான்றிதழ் இல்லாமல் 'ஹலால்' என்று எழுதுவது 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தில் குற்றம். சமையல்காரர் முஸ்லிம் என்பது சான்றிதழ் ஆகாது.

பெயர்ப்பலகை: கோலாலம்பூரில் மாநகர மன்ற உரிமம் வேண்டும். தேசிய மொழி இருக்க வேண்டும், பெரிதாகவும் முன்னிலையிலும். மொழியை தேசிய மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்கும். அனுமதி கைக்கு வரும் முன் பலகையை அடித்துவிட்டுத் திறப்பு விழாத் தேதியைச் சொல்வதுதான் இங்கே நடக்கும் தவறு.

மறுப்பதை "முடியாது" என்று நிறுத்தாமல், போடக்கூடிய மாற்று வரியோடு அனுப்புங்கள்.

குலுக்கல் போட்டியில் சேர்ந்த பெயர், எண்களை என்ன செய்வது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கடைக்கும் பொருந்தும், அதன் 2024 திருத்தத்தால் அவருக்காகத் தரவைக் கையாளும் உங்களுக்கும் பாதுகாப்புக் கடமை வந்துவிட்டது. பெயரும் கைப்பேசி எண்ணும் போதும், அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே வேண்டாம். எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருப்பது கட்டாயம், தமிழைக் கூடுதலாகச் சேருங்கள். 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டியல் ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளில் கிடந்தால் கசிந்ததா இல்லையா என்றே உங்களுக்குத் தெரியாது.

ஒரு கடையின் பட்டியலை இன்னொரு கடைக்குப் பயன்படுத்துவது பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒரே தெருவில் இரண்டு புடவைக்கடைக்கு வேலை செய்யலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பக்கம். இருவரும் ஒரே மக்களுக்கு ஏலம் கேட்கிறார்கள், ஒருவர் காசில் மற்றவர் விலையை ஏற்றுவீர்கள். வேறு ஊர், வேறு விலைத்தரம் என்றால் முதலாமவரிடம் முன்னதாகச் சொல்லிச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மஸ்ஜித் இந்தியாவில் எந்த ரகசியமும் ஒரு தே தாரேக் ஆறும்வரைகூடத் தங்காது.

"கூகுளில் 30 நாளில் முதலிடம்" என்று உறுதி கொடுக்கலாமா?

கூடாது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

காசு தாமதமானால்?

மாதச் சேவைக்கு மாதத் தொடக்கத்தில் முன்பணம். இன்வாய்ஸுக்கு 14 நாள். 15-ஆம் நாள் நினைவூட்டல், 21-ஆம் நாள் போன், 30-ஆம் நாள் புதிய வேலை நிறுத்தம். இந்தப் படிகள் ஒப்பந்தத்திலேயே இருந்தால் யாரும் முகம் கோண வேண்டியதில்லை, "அக்கா, முறைப்படி இன்றோடு நிறுத்த வேண்டியிருக்கிறது" என்று சொல்லலாம். ஒப்பந்தத்தைக் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டி முத்திரையிடுங்கள். முத்திரையில்லாத பத்திரம் நீதிமன்றத்தில் சான்றாக ஏறாது. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் உண்டு, ஆகவே பதற வேண்டாம்.

செய்யக்கூடாதது: ஓடிக்கொண்டிருக்கும் இணையத்தளத்தை இறக்குவது, கடவுச்சொல்லை மாற்றுவது. 900 வெள்ளிக்காகக் கடையின் வாசலை அடைத்தவர் என்ற பெயர் தெரு முழுதும் போகும்.

மின்விலைப்பட்டியல் முறையில் பில் போடும் ஏஜென்சிகள் வாடிக்கையாளரின் வரி அடையாள எண்ணையும் பதிவு எண்ணையும் முதல் நாளே வாங்கிவையுங்கள். வரித்துறையின் மைஇன்வாய்ஸ் தளத்தில் சரிபார்க்கப்பட்ட பில்லை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட வேண்டும். விவரம் தவறினால் அவருடைய கணக்காளர் தொகையைச் செலவில் சேர்க்கமாட்டார், காசும் நிற்கும்.

சொந்தக்காரருக்கு விலை குறைக்கலாமா?

குறையுங்கள், ஆனால் முழுவிலையை எழுதி, கழிவைத் தனி வரியில் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் அனுப்பும் அடுத்த ஆளும் அதே விலையைக் கேட்பார்.

வாடிக்கையாளர் விலகுகிறார். எதையெல்லாம் கொடுப்பது, எத்தனை நாளில்?

7 வேலை நாள் போதும். லோகோவின் மூலக்கோப்பு, அச்சுக்குரிய பிடிஎஃப், பயன்படுத்திய வண்ண எண்கள், எழுத்துரு உரிம விவரம், இணையத்தளத்தின் முழு நகல், டொமைன் காலாவதித் தேதி, கடைசி 12 மாத அறிக்கைகள், ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களின் பட்டியல் அவற்றின் நாள்தொகையோடு. கணக்குகள் முதலிலிருந்தே அவர் பெயரில் இருந்தால் ஒரே கோப்புறையில் எல்லாம் அடங்கிவிடும்.

புதிய ஏஜென்சிக்காரர் அழைத்தால் பேசுங்கள், அரை மணி நேரம் இலவசமாக. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று சொல்லுங்கள். குறை மட்டும் வேண்டாம். பிறகு மெட்டா, கூகுள், ஹோஸ்டிங் மூன்றிலிருந்தும் உங்கள் அனுமதியை நீங்களே நீக்கி, நீக்கியதைத் திரைப்பிடிப்பு எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். புலனக் குழுவிலிருந்து அவர் முதலில் வெளியேறட்டும்.